பதவிகளைப் பங்கு பிரித்தபோது பெண்கள் எங்கே இருந்தார்கள்?

2003 ஆகஸ்ட் 18 அன்று, கானாவின் தலைநகர் அக்ராவில், லைபீரியாவின் உள்நாட்டுப் போரை முடித்து வைத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. இடைக்கால அரசில் எந்த அமைச்சகம் யாருக்கு என்று சொல்லும் பட்டியல். அதுவரை ஆண்ட அரசுத் தரப்புக்கு 5. லூர்ட் என்ற கிளர்ச்சிப் படைக்கு 5. மாடல் என்ற இன்னொரு கிளர்ச்சிப் படைக்கு 5. மிச்சமிருந்த 6 அமைச்சகங்கள் அரசியல் கட்சிகளுக்கும் மக்கள் அமைப்புகளுக்கும் போயின. ஊரைக் கொளுத்திய மூன்று தரப்பும் சரிசமமாகப் பங்கு வாங்கிக்கொண்டன.

அந்த மூன்று தரப்பையும் ஒழுங்காகப் பேச வைத்ததில் பெரும்பங்கு லைபீரியப் பெண்களுடையது. மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் தெருவோரம் உட்கார்ந்து, எல்லை தாண்டிப் போய், கடைசியில் மாநாட்டு மண்டபத்தின் கதவையே மறித்து அவர்கள் வாங்கிய சமாதானம் அது. சுமார் 30 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் உயிர்களைத் தின்ற போர் அத்தோடு நின்றது. பட்டியலைப் பிரிக்கும் அறைக்குள் மட்டும் அவர்களுக்கு இடமில்லை.

ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 2000 அக்டோபர் 31 அன்று 1325-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. போரைத் தடுப்பதிலும் நிறுத்துவதிலும் அதன்பின் நாட்டைக் கட்டுவதிலும் பெண்களுக்கு முழுப் பங்கு வேண்டும் என்றது அது. அன்று கவுன்சிலுக்குத் தலைமை வகித்தது ஆப்பிரிக்க நாடான நமீபியா. 'பெண்கள், அமைதி, பாதுகாப்பு' என்று இன்று உலகெங்கும் பேசப்படும் கொள்கையின் வேர் அந்தத் தீர்மானம். இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்துவிட்ட அந்தக் கொள்கையின் பலத்தையும் ஓட்டையையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் மேற்கு ஆப்பிரிக்காவின் மானோ நதிக்கரைக்குத்தான் போக வேண்டும்.

எல்லை தாண்டிய போர்

லைபீரியா, சியரா லியோன், கினி ஆகிய மூன்று நாடுகளும் மானோ நதிப் படுகையில் ஒட்டிக் கிடப்பவை. எல்லைக்கோட்டை ஐரோப்பியர்களும் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்களும் போட்டார்கள். அங்கே வாழும் மக்கள் அதற்கு முன்பே இருந்தவர்கள். கிஸ்ஸி மக்கள் மூன்று நாடுகளிலும் இருக்கிறார்கள். அண்ணன் ஒரு நாட்டிலும் தங்கை இன்னொரு நாட்டிலுமாக வாழ்வது அங்கே புதுமையில்லை. எல்லைச் சந்தைகளில் வியாபாரம் செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

போரும் இதே பாதைகளில்தான் நடந்து வந்தது. 1989 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், சார்லஸ் டெய்லர் தன் படையோடு ஐவரி கோஸ்ட் பக்கமிருந்து லைபீரியாவின் நிம்பா மாவட்டத்துக்குள் நுழைந்தார். 1991-இல் அவர் உதவியோடு ஆர்.யு.எஃப். என்ற படை சியரா லியோனுக்குள் புகுந்தது. அங்கிருந்த வைரச் சுரங்கங்கள் துப்பாக்கிகளுக்குப் படியளந்தன. டெய்லரே 1997 தேர்தலில் வென்று லைபீரியாவின் அதிபரானார். பிறகு அவரை எதிர்த்த லூர்ட் படை கினியிலிருந்து வந்தது. 2003-இல் மாடல் படை மறுபடியும் ஐவரி கோஸ்ட் பக்கமிருந்து வந்தது. ஒவ்வோர் அதிபரும் பக்கத்து நாட்டின் கிளர்ச்சிக்காரனுக்குச் சோறும் தோட்டாவும் கொடுத்தார். கினியில் மட்டும் 2000-ஆம் ஆண்டுவாக்கில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் தங்கியிருந்தார்கள்.

ஒரு நாட்டுக்குள் மட்டும் சமாதானம் பேசி இதை முடிக்க முடியாது. அரசுகளுக்கு இது புரிந்ததோ இல்லையோ, பெண்களுக்குப் புரிந்திருந்தது. அவர்களுடைய சந்தையும் சொந்தமும் எல்லையின் இரு பக்கமும் இருந்ததால் அவர்கள் யாரிடமும் படிக்காமலே தெரிந்துகொண்ட விஷயம் இது. 2000 மே மாதம் நைஜீரியாவின் அபுஜாவில் மூன்று நாட்டுப் பெண்களும் கூடி 'மானோ நதிப் பெண்கள் அமைதி வலைப்பின்னல்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சுருக்கப் பெயர் மார்வொப்நெட். 1325 தீர்மானம் பிறப்பதற்கு ஐந்து மாதம் முந்தைய செய்தி இது. ஐ.நா. சொல்லித்தான் ஆப்பிரிக்கப் பெண்கள் எழுந்தார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும்.

அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட வேலை, பேச்சே இல்லாமல் முறைத்துக்கொண்டிருந்த மூன்று அதிபர்களை ஓர் அறையில் உட்கார வைப்பது. லைபீரியாவில் டெய்லர், கினியில் லான்சானா கான்டே, சியரா லியோனில் அகமது தேஜான் கப்பா. இவர்களில் கான்டே மசியவே இல்லை. டெய்லரின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றார். 2001-இல் அவரைப் பார்க்கப் போன குழுவில் மேரி பிரவுனெல் இருந்தார். லைபீரியாவில் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியை. 1994-இல் 'லைபீரியப் பெண்கள் முன்முயற்சி' என்ற அமைப்பைக் கட்டியவர். கான்டேயும் டெய்லரும் ஆண்பிள்ளைகளாக நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியாக வேண்டும், இரண்டு பேரையும் அறைக்குள் வைத்துப் பூட்டுவேன், புத்தி வரும்வரை சாவியின் மேல் உட்கார்ந்திருப்பேன் என்று அவர் அதிபரின் முகத்துக்கு நேரே சொன்னதாக அந்தப் பெண்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். கூடியிருந்தவர்கள் உறைந்துபோனார்கள். கான்டே சிரித்துவிட்டார். ஓர் ஆண் இப்படிப் பேசியிருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்ற பொருளில் பதில் சொல்லி, சந்திப்புக்கு ஒப்புக்கொண்டார். 2002 பிப்ரவரியில் மொராக்கோவின் ரபாத் நகரில் மூன்று அதிபர்களும் சந்தித்தார்கள்.

இந்தக் கதையை வேடிக்கையாகச் சொல்லி முடித்துவிடும் பழக்கம் உண்டு. எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. மூன்று நாட்டு வெளியுறவுத் துறைகளால் முடியாததை ஓய்வு பெறும் வயதுப் பெண்கள் சிலர் செய்தார்கள். அவர்களிடம் படை இல்லை, பட்டம் இல்லை. மூன்று தலைநகரங்களிலும் ஒரே கோரிக்கையை ஒரே சொற்களில் வைக்கக்கூடிய ஓர் அமைப்பு இருந்தது. ரபாத் சந்திப்பால் லைபீரியப் போர் நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லூர்ட் படை அதன் பிறகும் மன்ரோவியாவை நோக்கி வந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் எல்லையில் மூன்று நாடுகளும் நேரடியாக மோதிக்கொள்ளும் ஆபத்து விலகியது. 2003-இல் ஐ.நா. மனித உரிமைப் பரிசு இந்த அமைப்புக்கும் கிடைத்தது.

மீன் சந்தைத் திடல்

மன்ரோவியாவில் அதிபர் டெய்லரின் கார் அணிவகுப்பு போகும் டப்மன் சாலையை ஒட்டி, சிங்கோர் பகுதியில் ஒரு மீன் சந்தை. 2003 ஏப்ரலில் அதன் பக்கத்துத் திடலில் பெண்கள் வெள்ளை டீ-ஷர்ட்டும் வெள்ளைத் தலைத்துணியுமாக வந்து உட்கார்ந்தார்கள். மேக்கப் இல்லை, நகை இல்லை. அமைதி வேண்டும், இனிப் போர் வேண்டாம் என்ற ஒரே கோரிக்கை. கூட்டத்தை ஒருங்கிணைத்தவர் லேமா போவி. போரில் சிக்கிச் சீரழிந்த குழந்தைப் போராளிகளோடு வேலை செய்த சமூகப் பணியாளர், பிள்ளைகளைத் தனியே வளர்த்த தாய். கிறிஸ்தவத் தேவாலயங்களில் தொடங்கிய இந்த முயற்சிக்குள் முஸ்லிம் பெண்களை அழைத்து வந்தவர் அசாட்டு பா கென்னத் என்ற காவல்துறை அதிகாரி. லைபீரியாவில் இரு மதத்துப் பெண்களும் ஒரே இயக்கமாகச் சேர்ந்தது அதுவே முதல் முறை என்று அவர்கள் சொன்னார்கள்.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் இந்தப் போராட்டத்தில் ஒன்றை மட்டும் பெரிதாக எழுதின: போர் நிற்கும்வரை கணவரோடு உறவில்லை என்று பெண்கள் அறிவித்தது. அது ஊடகங்களின் கவனத்தை இழுக்க உதவியது என்று போவியே ஒப்புக்கொண்டிருக்கிறார். நடைமுறையில் அதனால் பெரிய விளைவு இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். உண்மையான வேலை வேறு. ஊர் ஊராகப் போய், சந்தையிலும் தேவாலய வாசலிலும் மசூதி வாசலிலும் நின்று, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குப் படம் போட்ட துண்டறிக்கை கொடுத்து, ஆள் சேர்த்த வேலை.

ஏப்ரல் 23 அன்று டெய்லர் அவர்களைச் சந்திக்கச் சம்மதித்தார். அதிபர் மாளிகையில் போவி கோரிக்கையைப் படித்தபோது, அதை மேலவையை நடத்திய கிரேஸ் மைனர் என்ற பெண் தலைவரை நோக்கிச் சொல்லி, அவர் வழியாக அதிபரிடம் சேர்க்கச் சொன்னார். பேச்சுவார்த்தைக்குப் போகிறேன் என்ற வாக்குறுதி கிடைத்தது. பிறகு பெண்களில் சிலர் சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்குப் போய், அங்கே ஓட்டலில் தங்கியிருந்த கிளர்ச்சித் தலைவர்களிடமும் அதே கோரிக்கையை வைத்தார்கள். இரு தரப்பிடமும் போய் நின்றதால்தான் யாருடைய கையாள் என்ற பழி அவர்கள் மேல் ஒட்டவில்லை.

கதவு

அக்ராவில் ஜூன் 4 அன்று பேச்சு தொடங்கியது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான எக்கோவாஸ் ஏற்பாடு செய்த பேச்சு அது. நடுவராக நைஜீரியாவின் முன்னாள் ராணுவ ஆட்சித் தலைவர் ஜெனரல் அப்துல்சலாமி அபூபக்கர் இருந்தார். முதல் நாளே சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம் டெய்லர் மீதான குற்றப்பத்திரிகையை வெளியிட, அவர் அவசரமாக ஊர் திரும்பினார். இரண்டு வாரத்தில் ஒரு போர்நிறுத்தம் கையெழுத்தாகி, அதுவும் உடைந்தது. மன்ரோவியா மீது அலை அலையாகத் தாக்குதல் வந்தது. முதலாம் உலகப் போர், இரண்டாம் உலகப் போர், மூன்றாம் உலகப் போர் என்று ஊர்க்காரர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். துறைமுகம் லூர்ட் கையில் போனதால் நகரத்துக்குள் அரிசி வரவில்லை.

அக்ரா ஓட்டல்களிலோ பிரதிநிதிகள் வசதியாக இருந்தார்கள். ஊரில் காட்டுக்குள் கிடந்த தளபதிகளுக்கு இங்கே மெத்தை, சாப்பாடு, படிக்காசு. பேச்சு ஆறு வாரமாக இழுத்தது. எந்த அமைச்சகம் யாருக்கு என்பதுதான் சண்டை. வெளியே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்: மன்ரோவியாவிலிருந்து வந்தவர்களும், கானாவின் புதுபுராம் அகதி முகாமில் வாழ்ந்த லைபீரியப் பெண்களும்.

ஜூலை 21 அன்று மன்ரோவியாவில் அமெரிக்கத் தூதரகத்துக்குச் சொந்தமான கிரேஸ்டோன் வளாகத்தில், தஞ்சம் புகுந்திருந்த மக்கள் நடுவே குண்டுகள் விழுந்தன. சேதி அக்ராவுக்கு வந்தது. அன்றைக்குப் பெண்கள் மண்டபத்தின் வாசலுக்குள் போய், கைகளைக் கோத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். உடன்பாடு வரும்வரை உள்ளே இருப்பவர்களை வெளியே விட மாட்டோம் என்று எழுதி அபூபக்கருக்கு அனுப்பினார்கள். காவலர்கள் போவியைக் கைது செய்ய வந்தபோது, அவர் தன் தலைத்துணியை அவிழ்த்தார். உடையையும் களைவேன் என்றார். மேற்கு ஆப்பிரிக்காவில் தாயான பெண்ணொருத்தி வேண்டுமென்றே தன் உடையைக் களைந்து நிற்பது பார்ப்பவர்கள் மேல் விழும் சாபம். காவலர்கள் பின்வாங்கினார்கள். பெண்களைத் தாண்டிக் குதிக்கப் பார்த்த ஒரு தளபதியை அபூபக்கரே உள்ளே துரத்தினார்.

பெண்கள் வைத்த நிபந்தனைகள் எளியவை. பிரதிநிதிகள் தவறாமல் கூட்டத்துக்கு வர வேண்டும். பேச்சு உருப்படியாக நடக்க வேண்டும். வெளியே உட்கார்ந்திருக்கும் பெண்களை யாரும் இழிவாகப் பேசக்கூடாது. அபூபக்கர் வாக்குக் கொடுத்தார். அதன்பின் பேச்சின் நடையே மாறியது. ஆகஸ்ட் 4 அன்று எக்கோவாஸின் நைஜீரியப் படை மன்ரோவியாவில் இறங்கியது. 11 அன்று டெய்லர் பதவி விலகி நைஜீரியாவுக்குப் போனார். 18 அன்று ஒப்பந்தம்.

இந்த வரலாற்றில் பெண்களின் துணிவைப் பாராட்டாதவர்கள் இல்லை. 2011-இல் நோபல் அமைதிப் பரிசு போவிக்குக் கிடைத்தது, நியாயமான பரிசு. பாராட்டில் விட்டுப்போவது அந்த மண்டபம். மறிக்க ஒரு கதவு இருந்தது. அண்டை நாடுகள் கூட்டிய பேச்சு இருந்தது. எல்லாத் தரப்பும் ஓரிடத்தில் இருந்தன. நடுவருக்குப் படையனுப்பும் நாடுகளின் ஆதரவு இருந்தது. பெண்களுக்கு இடம் கொடுக்கிற நாடாகவும் கானா இருந்தது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அதே துணிவு தெருவிலேயே கிடந்து வாடியிருக்கும். உலகில் எத்தனையோ போர்களில் பெண்கள் இதைவிடக் குறையாத துணிவோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தட்டுவதற்குக் கதவு இல்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு மூன்று நாள் முன்பு, அக்ராவின் கோல்டன் டியூலிப் ஓட்டலில் லைபீரியப் பெண் தலைவர்கள் கூடி, இடைக்கால அரசின் எல்லா அமைப்புகளிலும் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். ஒப்பந்தத்தில் மார்வொப்நெட் கையெழுத்திட்டது. ஆனால் அமைச்சகங்கள் பிரிக்கப்பட்டுவிட்டன. ஐ.நா. பெண்கள் அமைப்பு 1992 முதல் 2011 வரையிலான 31 பெரிய சமாதான முயற்சிகளை ஆராய்ந்தபோது, கையெழுத்திட்டவர்களில் 4 சதவீதமும் தலைமை நடுவர்களில் 2.4 சதவீதமும் மட்டுமே பெண்கள் என்று தெரிந்தது. லைபீரியா அந்தச் சராசரிக்குள் அடங்கிப்போன ஒரு நாடுதான்.

துப்பாக்கி இல்லாத போராளி

2003 செப்டம்பரில் பாதுகாப்பு கவுன்சில் 1509-ஆம் தீர்மானத்தின் மூலம் 15,000 வீரர்கள் வரை கொண்ட அமைதிப் படையை லைபீரியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தது. அந்தத் தீர்மானம் 1325-ஐ நினைவூட்டியது. காகிதத்தில் எல்லாம் சரி. டிசம்பர் 7 அன்று மன்ரோவியாவுக்கு வெளியே ஷிஃபெலின் முகாமில் ஆயுதக் களைவு தொடங்கியபோது, எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு போராளிகள் வந்து குவிந்தார்கள். ஆயுதத்துக்குப் பணம் என்ற அறிவிப்பு அவர்களை இழுத்து வந்திருந்தது. பணம் உடனே கிடைக்காததால் கலவரம் வெடித்து, உயிர்கள் போயின. திட்டமே நிறுத்தப்பட்டது. இந்தப் பையன்களை எங்களுக்குத் தெரியும், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று முன்பே கேட்டவர்கள் பெண்கள் அமைப்பினர். இது நிபுணர்களின் வேலை என்று அவர்கள் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். கலவரத்துக்குப் பின் போராளிகளிடம் பேசிச் சமாதானப்படுத்தப் போனவர்களும் அவர்களே.

2004 ஏப்ரலில் மறுபடி தொடங்கியபோது ஒரு முக்கியமான மாற்றம் வந்திருந்தது. அதைப் புரிந்துகொள்ளப் பக்கத்து நாட்டைப் பார்க்க வேண்டும். சியரா லியோனில் ஆயுதக் களைவு என்றால் துப்பாக்கியைக் கொண்டு வந்து கொடு, பிரித்துப் பூட்டிக் காட்டு, சலுகையை வாங்கிக்கொள் என்பது விதி. போர்க் காலத்தில் கடத்தப்பட்ட பெண்களில் பலர் சுட்டவர்கள், பலர் சமைத்தவர்கள், சுமை தூக்கியவர்கள், ஒற்றறிந்தவர்கள், தளபதியின் 'மனைவி' என்று பெயர் சூட்டப்பட்டவர்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. இருந்ததையும் தளபதிகள் பிடுங்கித் தங்கள் ஆட்களுக்குக் கொடுத்தார்கள். அங்கே ஆயுதம் ஒப்படைத்த 72,490 பேரில் பெண்கள் 4,751 பேர். மற்ற பெண்கள் பயிற்சியோ பணமோ இல்லாமல், பலர் கைக்குழந்தையோடு, ஊருக்கும் போக முடியாமல் நின்றார்கள்.

லைபீரியாவில் அந்தத் தவறு திருத்தப்பட்டது. ஆயுதம் இல்லாவிட்டாலும் படைகளோடு இருந்த பெண்கள் என்ற ஒரு பிரிவு ஏற்கப்பட்டது. ஏறத்தாழ 1,03,000 பேர் திட்டத்துக்குள் வந்தார்கள். அவர்களில் 22,000 பேர் அளவுக்குப் பெண்கள். கிடைத்த ஆயுதங்கள் சுமார் 28,000 மட்டுமே என்பதால், போராளி அல்லாத ஆண்கள் பலர் காசுக்காக நுழைந்துவிட்டார்கள் என்ற விமர்சனமும் உண்டு. இருந்தும் பக்கத்து நாட்டின் பிழையிலிருந்து ஒரு விதி மாறியது பெரிய விஷயம். கருத்தரங்குகளில் பிராந்திய ஒத்துழைப்பு என்று முழங்குகிறார்களே, அதன் பயன் என்னவென்று கேட்டால் இந்த 22,000 பெண்களைத்தான் நான் காட்டுவேன்.

சியரா லியோனின் இன்னொரு பாடம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. கடத்திய பெண்ணை மனைவி என்று சொல்லி வைத்துக்கொண்டதைக் கட்டாயத் திருமணம் என்ற தனிக் குற்றமாக, மானுடத்துக்கு எதிரான குற்றமாக 2008-இல் சிறப்பு நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு அறிவித்தது. உலக நீதித்துறையில் அது புதிது. காட்டிலிருந்து மீண்டு வந்து சாட்சி சொன்ன பெண்கள் கட்டிய சட்டம் அது.

நீலத் தொப்பியில் இந்தியப் பெண்கள்

2007 ஜனவரி இறுதியில் நம் மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மன்ரோவியா விமான நிலையத்தில் இறங்கினார்கள். ஐ.நா. வரலாற்றில் முழுக்கப் பெண்களே காவல் பணிக்கு நின்ற முதல் போலீஸ் பிரிவு. தலைமை வகித்தவர் சீமா துண்டியா. கலவரத் தடுப்பு, இரவு ரோந்து, அதிபர் அலுவலகக் காவல் என்று துப்பாக்கியோடு நின்ற வேலைதான் அவர்களுடையது. ஒதுங்கிய நேரத்தில் பள்ளிப் பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சியும் முதலுதவியும் கற்றுக்கொடுத்தார்கள். 2016 பிப்ரவரி வரை அணிகள் மாறி மாறி ஒன்பது ஆண்டுகள் அங்கே இருந்தன. லைபீரியக் காவல்துறையில் பெண்களின் பங்கு அந்த ஆண்டுகளில் 6 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக உயர்ந்தது. வேறு காரணங்களும் இதற்கு உண்டு. பள்ளிப் படிப்பு முடிக்காத பெண்களுக்குச் சிறப்பு வகுப்பு நடத்தி ஆளெடுத்ததும் ஒன்று. ஆனாலும் சீருடையில் பெண்ணைப் பார்த்தால் வன்புணர்வு செய்யும் படையாளை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை என்பது அந்த ஊர்ப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய மாற்றம் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இந்தியாவுக்குப் பெருமைதான். அந்தப் பெருமையோடு ஒரு கேள்வியும் சேர்கிறது. 1325 தீர்மானத்தை எப்படி நடைமுறைப்படுத்துவோம் என்று தேசியச் செயல்திட்டம் வகுத்த நாடுகள் நூறைத் தாண்டிவிட்டன. நேபாளம் 2011-இலும் வங்கதேசம் 2019-இலும் வகுத்தன. போரிலிருந்து மீண்டுகொண்டிருந்த லைபீரியா 2009-இலேயே வகுத்துவிட்டது. உலகுக்குப் பெண் போலீசை அனுப்பிய இந்தியாவிடம் அப்படி ஒரு திட்டம் இல்லை. மணிப்பூரிலும் காஷ்மீரிலும் இரு தரப்பையும் பேச வைக்கும் எந்த மேசையிலும் பெண்களுக்கு விதிப்படி நாற்காலி இல்லை. லைபீரியாவுக்கு அனுப்பிய அக்கறையில் கொஞ்சம் வீட்டுக்கும் வேண்டும்.

அரியணையில் பெண் அமர்ந்த பிறகு

2005 தேர்தலில் எலன் ஜான்சன் சர்லீஃப் வென்று, 2006 ஜனவரியில் பதவியேற்றார். ஆப்பிரிக்காவில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் பெண் அதிபர். மீன் சந்தைத் திடலில் உட்கார்ந்த பெண்களும் சந்தை வியாபாரிகளும் வாக்காளர் பட்டியலில் பெண்களைச் சேர்க்க வீடு வீடாக அலைந்ததன் பலன் அது. லைபீரியப் பெண் வழக்கறிஞர் சங்கம் வரைந்து கொடுத்த வன்புணர்வுத் தடைச் சட்டம் அமலுக்கு வந்தது. பாலியல் குற்றங்களை மட்டும் விசாரிக்க மன்ரோவியாவில் தனி நீதிமன்றம் வந்தது. கிராமங்களில் பஞ்சாயத்துப் பேசும் பழைய 'பலாவா' குடிலைப் போல, பெண்களே நடத்தும் அமைதிக் குடில்கள் எழுந்தன. நிலத் தகராறும் அடிதடியும் அங்கே பேசித் தீர்க்கப்பட்டன. வன்புணர்வு வழக்கு என்றால் பேசி முடிக்கக் கூடாது, போலீசுக்குப் போயாக வேண்டும் என்று பெண்கள் உறுதியாக நின்றார்கள்.

ஆனாலும் 2012-இல் போவி, தான் தலைமை வகித்த நல்லிணக்க முயற்சியிலிருந்து விலகினார். அதிபர் தன் பிள்ளைகளை உயர் பதவிகளில் வைத்ததையும் வறுமை குறையாததையும் வெளிப்படையாகக் கண்டித்தார். ஒரே மேடையில் நோபல் வாங்கிய இருவர். போவி செய்தது சரி என்பது என் எண்ணம். பெண் ஆள்கிறார் என்பதற்காகப் பெண்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. சர்லீஃப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்ட பிறகும் நாடாளுமன்றத்தில் பெண்கள் பத்தில் ஒருவர் என்ற அளவிலேயே நிற்கிறார்கள். இட ஒதுக்கீட்டு மசோதாக்கள் வந்து வந்து தோற்றன. 2020-இல் அதிபர் ஜார்ஜ் வியா வன்புணர்வைத் தேசிய நெருக்கடியாக அறிவிக்க வேண்டியிருந்தது. போர்க் காலத்தில் பெண்ணை இழிவுபடுத்தியவர்களில் ஒருவர்கூட லைபீரிய நீதிமன்றத்தில் தண்டிக்கப்படாத நாட்டில் இது ஆச்சரியமும் இல்லை. டெய்லர் பிரிட்டிஷ் சிறையில் 50 ஆண்டுத் தண்டனையை அனுபவிக்கிறார். அது சியரா லியோனில் நடந்த குற்றங்களுக்காக. தன் சொந்த நாட்டுப் பெண்களுக்கு நேர்ந்ததற்காக அவர் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை.

விரிசல் விடும் கூட்டமைப்பு

அக்ரா அனுபவத்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்கா நல்ல சில கட்டுமானங்களை உருவாக்கியது. எக்கோவாஸ் 2008-இல் ஏற்ற மோதல் தடுப்புச் சட்டகத்தில் 'பெண்கள், அமைதி, பாதுகாப்பு' தனிப் பகுதியாகவே இடம்பெற்றது. போவியின் இயக்கத்துக்குத் தாய் அமைப்பான வானெப், கிராமத்திலிருந்து வரும் எச்சரிக்கைகளைத் திரட்டி எக்கோவாஸுக்குச் சேர்க்கும் வேலையைச் செய்கிறது. சந்தையில் திடீரென ஒரு சமூகத்தார் வராமல் போவது, எல்லையில் புது முகங்கள் தென்படுவது போன்ற அறிகுறிகளை முதலில் கவனிப்பவர்கள் பெண்கள் என்பதால் அவர்களின் வாய்ச்சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு. 2011 லைபீரியத் தேர்தலில் பெண்கள் நடத்திய கண்காணிப்பு அறை என்ற ஏற்பாட்டை செனகல், சியரா லியோன், நைஜீரியா என்று பல நாடுகள் எடுத்துக்கொண்டன. மானோ நதிப் பெண்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான கினியின் சரன் தரபா கபா, பின்னாளில் மானோ நதி ஒன்றியத்துக்கே பொதுச் செயலாளரானார். வெளியே நின்று தட்டியவர் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்த அரிய தருணம்.

2025 ஜனவரி 29 அன்று மாலி, பர்க்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் எக்கோவாஸிலிருந்து வெளியேறின. மூன்றிலும் ராணுவ ஆட்சி. மூன்றிலும் ஜிகாதிப் படைகளோடு போர். மாலியிலிருந்து ஐ.நா. படை 2023 இறுதியிலேயே போய்விட்டது. அந்த மூன்று நாட்டுப் பெண்களும் எக்கோவாஸ் நீதிமன்றத்தில் முறையிடும் வழியை இழக்கிறார்கள். எக்கோவாஸ் நடுவர் கூட்டும் மாநாட்டு மண்டபத்தையும் இழக்கிறார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, தன்னிடமிருந்த பெண்கள் அமைதி பாதுகாப்புத் திட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பெரிய நாடுகளின் பணம் வரும், போகும். அண்டை நாடுகளின் கூட்டமைப்பு உடைந்தால் அதற்கு மாற்று கிடைப்பது கடினம். எக்கோவாஸ் தவறே செய்யாத அமைப்பு என்று நான் சொல்லவில்லை. 1990-களில் லைபீரியாவுக்குப் போன அதன் படைகள் கொள்ளையடித்ததை அந்த மக்கள் மறக்கவில்லை. ஆனால் அந்த மேடை இல்லாமல் 2003 ஆகஸ்ட் 18 வந்திருக்காது.

அதே எக்கோவாஸ் 2024 டிசம்பரில் செய்த ஒரு காரியம் லைபீரியாவுக்கு வழிகாட்டுகிறது. யாஹ்யா ஜம்மேயின் ஆட்சியில் காம்பியாவில் நடந்த கொடுமைகளை விசாரிக்க, காம்பிய அரசோடு சேர்ந்து ஒரு சிறப்புத் தீர்ப்பாயம் அமைக்க அது ஒப்புதல் தந்தது. அதிபரே தன்னை வன்புணர்வு செய்தார் என்று 2019-இல் தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் சொன்ன டூஃபா ஜாலோ என்ற இளம்பெண்ணின் குரல், அந்தக் கோரிக்கைக்கு வலுச் சேர்த்த குரல்களில் ஒன்று. லைபீரியாவில் அதிபர் ஜோசப் பொவாகாய் 2024 மே மாதம் போர்க்குற்ற நீதிமன்றத்துக்கான அலுவலகத்தை அமைக்க ஆணையிட்டார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இந்த நீதிமன்றத்தைக் கேட்டது 2009-இல். மன்ரோவியா அரசு காம்பியாவின் பாதையில் எக்கோவாஸைத் துணைக்கு அழைக்க வேண்டும். நீதிபதிகளிலும் புலனாய்வாளர்களிலும் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதை இப்போதே, சட்டம் வரையும்போதே எழுதிவிட வேண்டும். போரில் சீரழிக்கப்பட்ட சிறுமிகளுக்கு இன்று நாற்பது வயதை ஒட்டியிருக்கும். அவர்கள் தாய்மார்களில் பலர் சாட்சி சொல்லாமலே இறந்துவிட்டார்கள்.